வினிப்பெக் டயரும் வான்கூவர் மழையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு குடும்பம், ஒரு கார், மூன்று வகை டயர். 2022 நவம்பரில் தொடங்கி 2025 அக்டோபர் வரை நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கனடாவின் வான்கூவரைச் சுற்றி இருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த வின்டர் டயர் நல்லது?" எந்தச் சாலைக்கு என்று யாரும் சேர்த்துக் கேட்பதில்லை. இந்தக் குடும்பமும் கேட்கவில்லை, அவர்களுக்குப் பதில் சொன்ன நானும் கேட்கவில்லை. பெயர்களைச் சொல்லாமல் எழுத அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். நான் பன்னிரண்டு வருஷமாக டயர் மாட்டும் வேலையில் இருக்கிறேன்.

பின்னணி

கணவன் மனைவி இருவரும் கோயம்புத்தூர்ப் பக்கம். 2018இல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தார்கள், நார்த் டெல்டாவில் வாடகைக்கு ஓர் அடுக்குமாடி வீடு. மனைவி ரிச்மண்டில் ஒரு மருத்துவமனையில் செவிலியர், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், சில நாள் பகல், சில நாள் இரவு. கணவருக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. நாலு வருஷம் பஸ்ஸும் ஸ்கைட்ரெயினுமாகச் சமாளித்தவர்கள், 2022 வசந்தத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள்.

காரில் இருந்தது 225/40 ஆர் 18 அளவு (அகலம் 225 மில்லிமீட்டர், ரிம் 18 அங்குலம்) ஆல்-சீசன் டயர், அதாவது வருஷம் முழுக்க ஓட்டும் சாதாரண டயர். பக்கச்சுவரில் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து இருந்தது, அதாவது சேறும் பனியும். அந்த எழுத்து பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) அமைப்பை வைத்து டயர்க் கம்பெனிகளே போட்டுக்கொள்வது, பனியில் ஓட்டிச் சோதித்துக் கொடுக்கப்படுவது அல்ல. சோதித்துக் கொடுக்கப்படும் அடையாளம் வேறு: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இதை அப்போது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வேலைக்குப் போகிற வழி நெடுஞ்சாலை 91, நடுவில் அலெக்ஸ் ஃப்ரேசர் பாலம். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அது தவிர குளிர்காலத்தில் இரண்டு முறை காம்லூப்ஸில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள், கோக்விஹல்லா நெடுஞ்சாலை வழியாக. அதன் உச்சி 1,244 மீட்டர். கீழே மழை தூறிக்கொண்டிருக்கும்போது மேலே முழங்கால் அளவு பனி கிடக்கும்.

2022 நவம்பர் 29

செவ்வாய்க்கிழமை. மதியத்துக்கு மேல் பனி கொட்ட ஆரம்பித்து, சரியாக எல்லோரும் வேலை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் சாலையை மூடிவிட்டது. அலெக்ஸ் ஃப்ரேசர், குவீன்ஸ்பரோ பாலங்களை ஒட்டி வண்டிகள் மணிக்கணக்காக நகராமல் நின்றது இந்தப் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பகல் ஷிஃப்ட் முடித்து ஏழரை மணிக்குக் கிளம்பிய அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அதிகாலை மூன்றேகாலுக்கு. பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று ஹீட்டரை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். கடைசியில் நோர்டெல் வே ஏற்றத்தில் சக்கரம் இரண்டு முறை சும்மா சுழன்றிருக்கிறது, பின்னால் வந்த யாரோ இறங்கித் தள்ளிவிட்டார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஆய்வில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வேர். அந்த எட்டு மணி நேரத்துக்கு அவருடைய டயர் காரணமில்லை. முன்னால் நூற்றுக்கணக்கான வண்டிகள் நின்றன. உலகத்திலேயே நல்ல டயரை மாட்டியிருந்தாலும் அவர் அதே இடத்தில் அதே நேரம்தான் நின்றிருப்பார். டயர் உதவியிருக்கக்கூடிய இடம் அந்தக் கடைசி ஏற்றம் மட்டும். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு நடுங்கிக்கொண்டு வந்தவரிடம் யாரும் இப்படிக் கணக்குப் பிரித்துப் பேச முடியாது. "இனிமே இந்த டயர் வேண்டாம்ங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போயிருக்கிறார்.

டிசம்பர்: அவசரமாக ஒரு செட்

அவருடைய அண்ணன் எட்டு வருஷமாக வினிப்பெக்கில் இருக்கிறார். மறுநாள் போனில் அவர் சொன்னது: "ஐஸுக்குன்னே செய்யற டயர் இருக்கு, அதை வாங்கு. விலையைப் பார்க்காத." தங்கை மேல் உள்ள அக்கறையில் சொன்னது, அவர் ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. வினிப்பெக்கில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 16. வான்கூவரில் அதே ஜனவரி பூஜ்யத்துக்கு மேலே 4.

கணவர் தேடிப் பார்த்தார். அந்தப் பனிக்கு அப்புறம் ஊரே டயர்க் கடையில் வரிசையில் நின்றது, புது டயருக்கு மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அதனால் ஒரு தனியாளிடம் பழைய செட் ஒன்றை 350 டாலருக்கு வாங்கினார். அதே 18 அங்குல அளவு, மலை அடையாளம் உண்டு, நார்டிக் வகை (வடக்கின் கடும் குளிருக்கும் ஐஸுக்கும் செய்வது), ஐஸைக் குத்திப் பிடிக்கும் ஆணி இல்லாதது. விற்றவர் "ரெண்டே சீசன்தான் ஓட்டினேன்" என்றிருக்கிறார். ஒரு கடையில் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் எனக்கு போன் வந்தது. "அண்ணா, வின்டர் டயர் மாட்டியாச்சுங்க." "நல்லது தம்பி, இனி தைரியமா ஓட்டலாம்" என்றேன். என்ன டயர், எந்த வருஷத்து டயர், ஒன்றும் கேட்கவில்லை.

2023 ஜனவரி: நோர்டெல் வே வளைவு

அவர்கள் பயந்த பனி வரவில்லை. மழைதான் வந்தது. ஜனவரி நடுவில் ஒரு நாள் காலை இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர், பாலத்தைத் தாண்டி நோர்டெல் வேக்குப் பிரியும் வளைவில் இறங்கியிருக்கிறார். நல்ல மழை, காரின் திரையில் 8 டிகிரி. வழக்கமாக எடுக்கும் வேகம்தான் என்கிறார். முன் சக்கரம் திருப்பிய பக்கம் திரும்பாமல் கார் வெளிப்பக்கமாக நழுவிக்கொண்டே போயிருக்கிறது, பிரேக்கை மிதித்ததும் ஏபிஎஸ் கடகடவென்று அடித்திருக்கிறது, ஓரக்கல்லில் ரிம் உரசிய பிறகுதான் நின்றது. யாருக்கும் அடியில்லை. பக்கத்தில் வேறு வண்டி இல்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

அதற்கு முன்பும் இரண்டு வாரமாக ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. சிக்னலில் நிற்க வழக்கத்தைவிட நீளம் எடுக்கிறது, தடம் மாற்றும்போது கார் பஞ்சு மேல் மிதப்பதுபோல் லேசாக ஆடுகிறது. "வின்டர் டயர்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்ங்க அண்ணா" என்றார். இதே வார்த்தையை நான் நிறைய பேரிடம் கேட்டிருக்கிறேன். வின்டர் டயர் மாட்டியாச்சு என்ற நம்பிக்கை ஓட்டுபவரின் உள்ளுணர்வை அமுக்கிவிடுகிறது, அதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை.

தூக்கிப் பார்த்ததில் கண்டது

அடுத்த ஞாயிறு கார் என்னிடம் வந்தது. பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 35 பி.எஸ்.ஐ. என்றது. நான்கு சக்கரத்திலும் இருந்தது 27க்கும் 28க்கும் நடுவில். மாட்டிய கடையில் எல்லா வண்டிக்கும் அடிப்பதுபோல் 32 அடித்திருக்கிறார்கள், அதுவும் கதகதப்பான பட்டறைக்குள். வெளியே வந்து டயர் 15 டிகிரி குளிர்ந்தால் மட்டுமே கிட்டத்தட்ட இரண்டரை பி.எஸ்.ஐ. குறையும். மிச்சம் ஆறு வாரத்தில் இயல்பாகக் கசிந்தது. காற்று குறைந்த டயர் தண்ணீரைப் பிளந்து தரையைத் தொடுவதில் பலவீனமாகிவிடும், இன்னும் குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம் தேதி. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இதில் 3816. அதாவது 2016இன் 38வது வாரம், வாங்கும்போதே ஆறு வயது. "ரெண்டு சீசன்" உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வயதாகும். கட்டைகளின் ஓரங்கள் உருண்டு போயிருந்ததைப் பார்த்தால் வெயில் காலத்திலும் ஓடியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

பட்டன் ஆழம் முன்னால் 4.8, பின்னால் 5.1 மில்லிமீட்டர். கோக்விஹல்லாவுக்குச் சட்டம் கேட்பது 3.5. அதனால் காகிதத்தில் இந்த டயர் தேறிவிடும். ஆனால் ஆணியில்லாத ஐஸ் டயர்களில் சிலவற்றில் ஐஸைப் பிடிக்கும் அந்த விசேஷ ரப்பர் மேல் பாதியில்தான் இருக்கும், தேய்ந்து கீழே போனால் சாதாரண ரப்பர் வந்துவிடும். இவர்களுடையது அந்த எல்லையில் நின்றது. ஐஸுக்காக வாங்கியதில் ஐஸ் பிடிப்பும் பாதி போயிருந்தது.

இந்த மூன்றில் எது எவ்வளவு காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. காற்றை 35க்கு ஏற்றியதுமே ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் போகவில்லை.

ரப்பர் விஷயம்

இதைக் கணவரிடம் உட்கார்ந்து விளக்க ஒரு மணி நேரம் ஆனது, ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி: "குளிருக்கு மென்மையான ரப்பர்னா, மென்மை நல்லாத்தானே பிடிக்கணும்?"

ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பு எப்படி வருகிறதென்றால், தாரில் இருக்கும் சின்னச் சின்ன கல் முனைகள் மேல் ரப்பர் அமுங்கி விரியும்போது அது சக்தியை உள்ளே விழுங்க வேண்டும். உடனே துள்ளித் திரும்பிவிடும் ரப்பர் வழுக்கும், மந்தமாகத் திரும்பும் ரப்பர் பிடிக்கும். எந்த ரப்பரும் எந்த வெப்பநிலையில் இப்படி மந்தமாக நடந்துகொள்ளும் என்பது அதன் கலவையைப் பொறுத்தது. கோடை டயரை 20, 30 டிகிரிக்குச் செய்கிறார்கள், 7 டிகிரிக்குக் கீழே அது விறைக்க ஆரம்பிக்கும் என்பது கடைகளில் சொல்லும் பொதுக் கணக்கு. நார்டிக் டயரை மைனஸ் 10, மைனஸ் 25க்கு உயிரோடு இருக்கும்படி செய்கிறார்கள். அதைக் கொண்டுவந்து பிளஸ் 8 மழையில் ஓட்டினால் அது தன் வேலையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ரப்பர். போதாததற்கு அதன் பட்டன் கட்டைகள் முழுக்கக் கத்தியால் கீறினதுபோல் மெல்லிய பிளவுகள். ஐஸில் அந்த ஓரங்கள்தான் கடிக்கும். ஈரத் தாரில் அதே கட்டைகள் வளைந்து நெளியும். அவர் சொன்ன பஞ்சு மேல் மிதக்கும் உணர்வு அதுதான்.

குளிர்கால டயர் என்பதே வடக்கில் பிறந்த விஷயம். இன்று நோக்கியன் டயர்ஸ் என்று தெரியும் ஃபின்லாந்துக் கம்பெனி 1934இல் லாரிகளுக்காகத்தான் முதலில் செய்தது, 1936இல் கார்களுக்கான ஹக்கபெலிட்டா வந்தது. ஃபின்லாந்துச் சாலைக்காகச் செய்தது ஃபின்லாந்துச் சாலையில் அருமையாக இருக்கிறது. அதே ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் வேறு மாதிரி வின்டர் டயர் விற்கிறார்கள். அங்கே குளிர்காலமென்றால் ஈரம், சேற்றுப்பனி, இடையில் ஒரு மலை, அதிவேக நெடுஞ்சாலை. அதற்கேற்ற ரப்பர், அதற்கேற்ற நீர்ப்பள்ளங்கள். நம் வான்கூவர் இதில் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள்.

வாங்குபவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வட அமெரிக்காவில் சாதாரண டயரின் பக்கச்சுவரில் ஈரப் பிடிப்புக்கு ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு தரம் இருக்கும். வின்டர் டயருக்கு அந்தத் தரம் போட வேண்டியதில்லை என்று விதிவிலக்கு. மலை அடையாளமும் கைகொடுக்காது: அது இறுகிய பனியில் சக்கரம் எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு ஒப்பீட்டு டயரோடு வைத்துப் பார்க்கும் சோதனை, நிற்பதையோ வளைவதையோ ஐஸையோ மழையையோ அது சோதிப்பதில்லை. அதனால் நான் செய்வது, அதே மாடல் ஐரோப்பாவில் விற்கிறதா என்று பார்த்து அங்கே ஒட்டும் லேபிளைத் தேடுவது. ஏ முதல் இ வரை ஈரப் பிடிப்புத் தரம் அதில் இருக்கும், 2021 மே முதல் ஐஸ் பிடிப்புக்கும் தனிச் சின்னம் உண்டு. ஐஸ் சின்னம் உள்ள டயர் பல நேரம் ஈரத் தரத்தில் கீழே நிற்பதை அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே ரப்பரில் உச்சத்துக்குக் கொண்டுபோவது கஷ்டம்.

மூன்று வாரக் குறிப்பேடு

புது டயர் உடனே வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய ஆல்-சீசனைத் திரும்ப மாட்டி, காற்று சரியாக அடித்து, ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று விஷயம் மட்டும் எழுதச் சொன்னேன்: காரின் திரை காட்டும் வெப்பநிலை, சாலை உலர்வா ஈரமா பனியா, எங்கே போனீர்கள்.

மூன்று வாரத்தில் 31 பயணம். ஈரம் 24, உலர்வு 6, சேற்றுப்பனி 1. வெப்பநிலை பெரும்பாலும் 3லிருந்து 9க்குள், பூஜ்யத்துக்குக் கீழே இரண்டே தடவை. அந்த நோட்டைப் பார்த்து கணவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நான் ஒரு ராத்திரிக்காக டயர் வாங்கிட்டேன்ங்க அண்ணா" என்றார்.

மூன்று வாரம் ஒரு குளிர்காலம் ஆகாது, தெரியும். ஆனால் இந்த ஊரில் இத்தனை வருஷம் டயர் கழற்றி மாட்டிய என் அனுபவத்தோடு அது ஒத்துப்போனது.

எதை எதற்காக ஒதுக்கினோம்

பழைய ஆல்-சீசனோடே இருந்துவிடுவது ஒரு வழி. நகரத்துக்குள் வின்டர் டயர் கட்டாயமில்லை. ஆனால் அதன் ஆழம் 4 மில்லிமீட்டர், இன்னும் ஒரு மழைக்காலத்தில் 3.5க்குக் கீழே போய்விடும். கோக்விஹல்லாவில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குறைந்தது அவ்வளவு ஆழமுள்ள எம் பிளஸ் எஸ் அல்லது மலை அடையாள டயர் வேண்டும். சட்டத்துக்குப் போதும் என்றாலும் எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள டயரோடு அந்த உச்சிக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்ல எனக்கு மனசில்லை.

புது நார்டிக் செட்: மேலே சொன்ன காரணத்தால் வேண்டாம்.

மத்திய ஐரோப்பிய வகை வின்டர் செட்டும் கோடைக்குத் தனிச் செட்டும் வைத்துக்கொள்வது, பிடிப்பை மட்டும் பார்த்தால் இதுதான் சிறந்தது. வாரா வாரம் பனிச்சறுக்கு ஊரான விஸ்லருக்குப் போகிறவராக இருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன், யோசித்திருக்கவே மாட்டேன். ஆனால் இவர்களுக்கு அடுக்குமாடி வீடு, நாலு டயரை வைக்க இடமில்லை, வாடகைக்கு வைத்தால் வருஷா வருஷம் காசு. அதைவிட முக்கியம், ஷிஃப்ட் வேலை செய்யும் ஒருவர் அக்டோபரிலும் ஏப்ரலிலும் நேரம் பார்த்து மாற்றுவது நடக்காது. ஜூன் மாதம் வரை வின்டர் டயரில் ஓடும் நர்ஸ்களின் கார்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். மாற்றாமல் விட்ட நல்ல டயர் இரண்டாவது கோடையிலேயே கெட்ட டயர்.

மிச்சம் ஆல்-வெதர். பெயர் ஆல்-சீசன் போலவே இருப்பதால் கடைக்காரர்களே சில நேரம் குழப்புகிறார்கள். வித்தியாசம் அந்த மலை அடையாளம்: ஆல்-வெதரில் உண்டு, வருஷம் முழுக்க ஓட்டலாம், ஈரத்தில் பெரும்பாலும் நன்றாக நிற்கும். ஐஸில் நார்டிக் டயரின் பக்கத்தில்கூட நிற்காது. அந்தக் குறையை அவர்கள் முன்னால் வைத்தேன். ஐஸ் இருக்கும் நாளில் காரை எடுக்க மாட்டோம் என்று நிஜமாகவே உறுதி சொல்ல முடியுமா என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். முடியும் என்றார்கள். அந்தப் பதில்தான் முடிவைத் தீர்மானித்தது, டயரின் விளம்பரம் இல்லை.

அடுத்து அளவு. 18 அங்குலத்தில் நாலு டயரின் விலையில் 16 அங்குல டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்தே வந்துவிடும்போல் இருந்தது. அதே காரின் கீழ்நிலை மாடலுக்குக் கம்பெனியே 205/55 ஆர் 16 கொடுக்கிறது, விட்டத்தில் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே, பிரேக்கிலும் இடிக்காது. டயர் 20 மில்லிமீட்டர் ஒடுங்கியதாக இருப்பதால் தேங்கிய தண்ணீரையும் சேற்றுப்பனியையும் பிளந்து கீழே போவது எளிது. பக்கச்சுவர் உயரம் கூடுவதால் குழியில் ரிம் வளையும் பயமும் குறைவு. சுமைக் குறியீட்டை மட்டும் கவனித்தோம்: பழைய 18 அங்குல டயரில் 92, அதாவது ஒரு டயருக்கு 630 கிலோ. 16 அங்குலத்தில் சாதாரணமாகக் கிடைப்பது 91, அது 615 கிலோ. அதனால் கூடுதல் சுமை தாங்கும் 94 எக்ஸ்எல் எடுத்தோம், 670 கிலோ.

மாட்டியதும் அளந்ததும்

2023 பிப்ரவரி கடைசி வாரம். டயர், ரிம், பேலன்ஸிங் எல்லாம் சேர்த்து வரிக்கு முன் 1,100 டாலர். காற்று 35, இந்த முறை வெளியே குளிரில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து அடித்தது. வீல் நட் 103 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, 80 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வரவைத்து ஒரு தடவை சரிபார்த்தேன்.

தெரிந்தவர் ஒருவரின் கிடங்கு வளாகம் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். அனுமதி வாங்கி, ஈரத் தரையில், மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து முழு பிரேக். ஒவ்வொரு செட்டுக்கும் ஐந்து தடவை, எல்லாவற்றிலும் ஒரே காற்று அளவு. பழைய நார்டிக் சராசரியாக 12 மீட்டர். தேய்ந்த ஆல்-சீசன் 10. புது ஆல்-வெதர் 9. டேப்பும் கோனும் வைத்து அளந்தது, ஆய்வகம் இல்லை, அரை மீட்டர் முன்பின் இருக்கும். ஆனாலும் அவர்கள் எறியத் துடித்த அந்தப் பழைய டயர், காசு கொடுத்து வாங்கிய "பாதுகாப்பு" டயரைவிட மழையில் முன்னாலேயே நின்றதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் நாலு மடங்கு. நெடுஞ்சாலை 91இல் 80 கிலோமீட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 48 மீட்டருக்கும் 36 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம். நடுவில் இரண்டு கார் நிற்கலாம்.

அந்த நார்டிக் செட்டை வேறு யாருக்கும் விற்கவில்லை. 350 டாலர் போனது போகட்டும் என்று மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதைச் சொன்னவர் மனைவி.

அடுத்து வந்த குளிர்காலங்கள்

2023 கடைசி மழைக்காலம் எதுவும் எழுதும்படியாக இல்லாமல் போனது, அதுதான் வேண்டியதும்.

2024 ஜனவரியில் சோதனை வந்தது. இரண்டாவது வாரம் கடும் குளிர், மைனஸ் பத்துக்கும் கீழே, அதற்குப் பிறகு 17ஆம் தேதி பெரும் பனி. குளிர் தொடங்கிய அன்று காலை பார்க்கிங்கில் காரை ஐந்து மீட்டர் நகர்த்திப் பார்த்திருக்கிறார், இறுகிய ஐஸில் பிரேக் போட்டும் கார் மெதுவாக நழுவிக்கொண்டே இருந்தது. நான் முன்பே சொன்ன குறை, அப்படியே. காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். பனி வரும் என்று முன்னறிவிப்பு வந்ததும் 16ஆம் தேதி இரவே மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் தோழி வீட்டில் தங்கிவிட்டார். அந்த வாரம் நார்டிக் டயர் இருந்தவர்கள் நிம்மதியாக ஓட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அவர்களுடையது, மற்ற இருபது வாரம் இவர்களுடையது.

காம்லூப்ஸுக்கு அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை போனார்கள். பகலில் மட்டும், கிளம்பும் முன் மாகாண அரசின் சாலை நிலவரத் தளமான டிரைவ்பிசியின் கேமராக்களில் உச்சியைப் பார்த்துவிட்டு, டிக்கியில் பனிக்குச் சக்கரத்தில் மாட்டும் செயின் வைத்துக்கொண்டு. மார்ச் பயணத்தில் உச்சிக்குப் பக்கத்தில் புதுப்பனி, ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டதாகச் சொன்னார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

டிசம்பர் போனில் நான் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: அந்த நாலு இலக்கம் என்ன, என்ன மாடல். இரண்டு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும், நோர்டெல் வே வளைவு நடந்திருக்காது. அது என் தவறு, இப்போதும் உறுத்துகிறது. அதிலிருந்து யார் "மாட்டியாச்சு" என்று போன் செய்தாலும் பக்கச்சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், கதவு ஸ்டிக்கரையும் சேர்த்து.

காற்றை அன்றே போனில் சரிபார்க்கச் சொல்லியிருக்கலாம். காசில்லாத வேலை. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை, கார் ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது பார்க்கச் சொல்கிறேன்.

குறிப்பேட்டை டயர் வாங்கிய பிறகுதான் எழுதினோம். அக்டோபரிலேயே, கடைகளில் வரிசை வருவதற்கு முன் எழுதியிருந்தால் அவசரமே இருந்திருக்காது.

பிரேக் சோதனையில் மூன்று விஷயம் ஒன்றாகக் கலந்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்: டயரின் வகை, வயது, தேய்மானம். புது நார்டிக் டயர் 12 மீட்டர் எடுத்திருக்காது. எவ்வளவு என்று அளக்க எனக்கு வழியில்லை. அதனால் "நார்டிக் டயர் மழையில் மூன்று மீட்டர் மோசம்" என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

2025 அக்டோபர்

ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதாக 8 மில்லிமீட்டர் இருந்த பட்டன் முன்னால் 4.4, பின்னால் 4.9. சட்டத்துக்கு இன்னும் இடமிருக்கிறது, ஆனால் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளவும் மலைப்பனிக்கும் இது குறைவு, டிசம்பரில் காம்லூப்ஸில் ஒரு கல்யாணம் வேறு இருக்கிறது. அதே அளவில், அதே வகையில் புது செட்டுக்கு அவர்களே சொல்லி வைத்தார்கள், அக்டோபர் முதல் வாரத்திலேயே. டயர் வந்த அன்று நான் மாட்டத் தொடங்கும் முன் அவர் போன் டார்ச்சைப் போட்டுக் குனிந்து நாலு டயரிலும் அந்த நாலு இலக்கத்தைப் படித்தார். மூன்றில் 2125, ஒன்றில் 1925. "சரிங்க அண்ணா, மாட்டுங்க" என்றார்.